அகுஸ்தீனார்: மனித இயல்பும் தன் பொறுப்பும்

கிறித்தவச் சிந்தனையில் மனித இயல்பு, பாவம், பொறுப்பு ஆகியவை பேசப்படும் இடங்களில் தவறாமல் வரும் பெயர் அகுஸ்தீனார் (354–430). இவரைப் புனித அகுஸ்தீன் என்றும், அகஸ்டின் என்றும் தமிழில் வழங்குவர். வட ஆப்பிரிக்காவில் பிறந்து இலத்தீன் மொழியில் எழுதிய ஆயர் இவர். இவருடைய நூல்களுள் பெரிதும் படிக்கப்படுவது, ஏறத்தாழ 397 முதல் 400 வரை எழுதப்பட்ட 'ஒப்புகைகள்'. இதன் இலத்தீன் தலைப்புக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. இறைவனைப் புகழ்தல் என்ற பொருளும் உண்டு. 13 பகுதிகள் கொண்ட இந்நூல் முழுவதும் கடவுளை நோக்கிப் பேசும் மன்றாட்டாக அமைந்துள்ளது.

மனிதன் தீமை செய்வது ஏன்? செய்த தீமைக்கு யார் பொறுப்பு? உண்மையைத் தேடுவதாகச் சொல்பவனே அதற்குப் பயந்து ஒளிவது எப்படி? இம்மூன்று வினாக்களும் அகுஸ்தீனாருக்கு ஒன்றோடொன்று பிணைந்தவை. தன் தவற்றைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத வரையில் ஒருவர் உண்மையைத் தேடத் தொடங்கவே இல்லை என்பது அவர் தம் வாழ்க்கையிலிருந்து கண்ட முடிவு. அந்த முடிவுக்கு அவர் வந்த வழியையும், அதனால் எழுந்த சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

அகுஸ்தீனார் 354 நவம்பர் 13 அன்று தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அராஸ் என்னும் பெயருடன் உள்ளது. தாய் மோனிக்கா கிறித்தவர். தந்தை பத்ரீசியுஸ் வாழ்வின் இறுதியில்தான் திருமுழுக்குப் பெற்றார். மகனைப் படிக்க வைக்கத் தந்தை தம் வசதிக்கு மீறிப் பணம் திரட்டினார். மதவுராவிலும் பின்னர் கார்த்தேஜ் நகரிலும் படித்த அகுஸ்தீனார், பேச்சுக்கலை ஆசிரியரானார். 383இல் உரோமுக்கும், 384இல் மிலான் நகருக்கும் சென்றார். 387இல் உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவில் ஆயர் அம்புரோஸ் கையால் திருமுழுக்குப் பெற்றார். ஊர் திரும்பிய பின், 391இல் ஹிப்போ நகரில் குருவானார்; சில ஆண்டுகளில் அந்நகரின் ஆயரானார். இறக்கும் வரை அப்பணியில் இருந்தார்.

பேரிக்காய்த் திருட்டு

'ஒப்புகைகள்' நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. அப்போது அவருக்கு வயது 16. மேற்படிப்புக்குப் பணம் சேரும் வரை படிப்பு நின்றிருந்தது. வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அவர்களுடைய திராட்சைத் தோட்டத்துக்கு அருகே வேறொருவரின் பேரிக்காய் மரம் ஒன்று காய்த்துக் குலுங்கியது. நள்ளிரவில் நண்பர் கூட்டத்தோடு சென்று அதை உலுக்கிக் காய்களை அள்ளிவந்தார். சிலவற்றைக் கடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர்.

இவ்வளவுதான் நிகழ்ச்சி. விடலைப் பையன்களின் குறும்பு என்று நாம் சிரித்துவிட்டுப் போவோம். நாற்பதைத் தாண்டிய ஆயரோ பல பக்கங்கள் அதையே திருப்பித் திருப்பி ஆராய்கிறார். அவரை உறுத்துவது காய்களின் விலை அன்று. 'ஏன் செய்தேன்?' என்ற வினாவுக்கு விடை கிடைக்காததே அவரை உறுத்துகிறது.

அவருக்குப் பசி இல்லை. அவர் வீட்டிலேயே இதைவிட நல்ல காய்கள் இருந்தன. கொலைகாரனுக்கும் பகை, பொருளாசை, அச்சம் என்று ஏதாவதொரு காரணம் இருக்கும் என்கிறார் அவர். தமக்கு அப்படி ஒன்றும் இல்லை. செய்யக்கூடாது என்பதாலேயே அது இனித்தது என்பதை அவர் கண்டுகொள்கிறார். அடுத்து, தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் எண்ணுகிறார். கூட்டத்தில் ஒருவன் 'வா போகலாம்' என்று அழைத்தால், பின்வாங்குவதற்கு வெட்கமாகி விடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'நண்பர்கள்தான் கெடுத்தார்கள்' என்று சொல்லிவிட அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. வகுப்பில் காப்பி அடித்துப் பிடிபட்ட மாணவரிடம் காரணம் கேட்டால், 'எல்லாரும் எழுதினாங்க சார்' என்ற விடைதான் முதலில் வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த விடையைக் கேட்டவன் நான். கூட்டம் தம்மை எப்படி இழுத்தது என்பதை அகுஸ்தீனார் விரிவாகச் சொல்கிறார். ஆயினும் பழியைக் கூட்டத்தின் மேல் இறக்கி வைக்கவில்லை. ஒரு செயலுக்கு விளக்கம் சொல்வது வேறு, அதிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்வது வேறு. இந்த வேறுபாடே அவருடைய சிந்தனையின் திறவுகோல்.

பழியை ஏற்றுக்கொண்ட இரண்டு கொள்கைகள்

இந்தத் தெளிவு இளமையில் அவருக்கு இல்லை. 19ஆம் வயதில் சிசரோ எழுதிய 'ஹோர்தென்சியுஸ்' என்னும் நூலைப் படித்தார். மெய்யறிவின் மேல் தமக்கு வேட்கையை மூட்டியது அந்நூல் என்பார். (அந்நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை.) திருவிவிலியத்தையும் எடுத்துப் பார்த்தார்; அதன் எளிய நடை அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் மானிக்கேயம் என்னும் சமயத்தில் சேர்ந்து, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்தார்.

மானிக்கேயம் 3ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசில் மானி என்பவர் தோற்றுவித்த சமயம். ஒளி, இருள் என்னும் இரண்டு முதற்பொருள்கள் தொடக்கம் முதலே உண்டு என்றும், அவை ஒன்றோடொன்று போரிடுகின்றன என்றும், மனிதனுக்குள் இரண்டும் கலந்து கிடக்கின்றன என்றும் அது கற்பித்தது. நல்ல கடவுள் படைத்த உலகில் தீமை எப்படி வந்தது என்ற வினாவுக்கு இது நேரடியான விடை தந்தது. அதைவிட இனிய ஒன்றையும் தந்தது. தவறு செய்வது 'நான்' அல்லேன். எனக்குள் இருக்கும் இருள்தான் செய்கிறது என்று சொல்ல முடிந்தது. தாம் குற்றமற்றவர் என்று எண்ணிக்கொள்வது தம் செருக்குக்கு இதமாக இருந்தது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதே காலத்தில் அவர் சோதிடத்திலும் ஈடுபட்டிருந்தார். அதிலும் இதே வசதி இருந்தது. குற்றத்தை வெள்ளிக் கோளின் மேலோ, சனி, செவ்வாய் ஆகியவற்றின் மேலோ சுமத்திவிடலாம். விந்திகியானுஸ் என்னும் முதிய மருத்துவர் இதை விட்டுவிடுமாறு அன்போடு அறிவுரை கூறினார், அகுஸ்தீனார் கேட்கவில்லை.

இரண்டையும் அவர் கைவிட்ட முறை, உண்மையைத் தேடுவது எப்படி என்பதற்குப் பாடமாக உள்ளது. மானியின் நூல்கள் கதிரவன், நிலவு, கோள்கள், கிரகணங்கள் பற்றி நிறையக் கூறின. வானியல் அறிஞர்களின் கணக்குகளோ கிரகணம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சரியாகச் சொல்லின. இரண்டையும் ஒப்பிட்ட அகுஸ்தீனாருக்கு ஐயம் பிறந்தது. ஃபாவுஸ்துஸ் என்னும் பெரிய மானிக்கேய ஆசான் வந்தால் எல்லாம் விளங்கும் என்று தோழர்கள் தேற்றினர். அவரும் வந்தார். பேச்சு இனிமையாக இருந்தது. ஆனால் கேட்ட வினாவுக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்பதை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த அடக்கத்தை அகுஸ்தீனார் பாராட்டுகிறார். ஆனாலும், அன்றோடு அச்சமயத்தின் மேல் அவருக்கிருந்த பிடிப்பு தளர்ந்தது.

சோதிடத்தைக் கைவிட வைத்தவர் ஃபிர்மினுஸ் என்னும் நண்பர். ஃபிர்மினுஸ் பிறந்த அதே நொடியில் அவருடைய தந்தையின் நண்பர் வீட்டில் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்தது. இரு வீட்டாரும் சோதிடப் பித்தர்கள். நேரத்தைத் துல்லியமாகக் குறித்து, ஆள் அனுப்பி ஒப்பிட்டனர். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே கணிப்பு. ஆனால் ஃபிர்மினுஸ் செல்வமும் சிறப்பும் பெற்று வளர்ந்தார்; அந்தப் பிள்ளை அடிமையாகவே இருந்தது. கோள்கள்தாம் காரணம் என்றால் இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று அகுஸ்தீனார் கேட்கிறார்.

தீமை என்பது என்ன?

இருள் என்னும் தனிப்பொருள் இல்லையென்றால் தீமை எங்கிருந்து வருகிறது? மிலானில் 386ஆம் ஆண்டளவில் பிளேட்டோ வழிவந்த சிந்தனையாளர்களின் நூல்களை இலத்தீனில் படித்தபோது ஒரு விடை கிடைத்தது. தீமை ஒரு பொருள் அன்று. நன்மையின் குறைவே தீமை. இதற்கு அவர் வேறொரு நூலில் நோயை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். புண் ஆறிவிட்டால் அந்தப் புண் உடலை விட்டு எழுந்து வேறு எங்கும் போய்த் தங்குவதில்லை. உடல் நலமாகிறது, புண் இல்லாமற்போகிறது. புண் என்பது தனிப்பொருளாக இருந்ததே இல்லை. உடலின் நலத்தில் நேர்ந்த குறையாகவே இருந்தது.

தீமை வெளியிலிருந்து படையெடுத்து வரும் பொருளாக இல்லாவிட்டால், அதன் தொடக்கத்தை மனிதனின் விருப்பத்தில்தான் தேட வேண்டும். உயர்ந்த நன்மையை விட்டுத் தாழ்ந்த ஒன்றின் பக்கம் மனம் திரும்புவதே பாவம் என்று அவர் விளக்குகிறார். 'தன் விருப்புரிமை பற்றி' என்னும் உரையாடல் நூல் இக்கருத்தை விரிக்கிறது. இனிமேல் கையைக் காட்ட வேறு யாரும் இல்லை.

ஒரே மனம், இரண்டு விருப்பம்

தெரிந்துகொண்டதும் அவர் மாறிவிட்டாரா? இல்லை. எட்டாம் பகுதி சொல்வது இதைத்தான். பழைய வாழ்க்கை தவறு என்று அவருக்குத் தெரியும், விடவும் முடியவில்லை. இளமையில், தூய வாழ்வைத் தருமாறு மன்றாடிக்கொண்டே, அது உடனே கிடைத்துவிடக் கூடாதே என்றும் அஞ்சியதை மறைக்காமல் எழுதுகிறார்.

இங்கே அவர் ஒரு விந்தையைக் காண்கிறார். 'அசை' என்று மனம் கட்டளையிட்டால் கை உடனே அசைகிறது. மனம் தனக்கே கட்டளையிட்டால் மட்டும் பணிய மறுக்கிறது. பார்த்தீர்களா, உள்ளே இரண்டு இயல்புகள் இருக்கின்றன என்று மானிக்கேயர் சொல்லக்கூடும். அதற்கு அவர் தரும் மறுப்பு கூர்மையானது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் நாடகத்துக்குப் போகவும், விளையாட்டைப் பார்க்கவும், திருடவும் ஆசை வந்தால் உள்ளே மூன்று இயல்புகள் என்போமா? அப்படியில்லை. தயங்குவது ஒரே ஆள்தான். விரும்பியதும் நானே, விரும்ப மறுத்ததும் நானே என்கிறார். பழக்கம் முதலில் நாம் செய்வதாகத் தொடங்கி, பிறகு நம்மைச் செய்விக்கும் சங்கிலியாகிறது. ஆயினும் அதன் ஒவ்வொரு கண்ணியும் நம் கையால் கோத்ததே.

386இல் மிலான் தோட்டம் ஒன்றில் இந்தப் போராட்டம் உச்சத்தை எட்டியது. எடுத்துப் படிக்கச் சொல்லும் ஒரு குழந்தைக் குரல் அவர் காதில் விழுந்தது. பவுலின் திருமுகங்கள் அடங்கிய ஏட்டைத் திறந்தார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. அங்கிருந்து அவர் வாழ்க்கை திசை திரும்பியது. தம் முயற்சியால் இது கைகூடவில்லை, இறையருளே தம்மை விடுவித்தது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

உண்மையை நாம் வெறுப்பது ஏன்?

எல்லாரும் உண்மையை விரும்புவதாகத்தான் சொல்கிறோம். பிறரை ஏமாற்ற விரும்புவோர் பலர் உண்டு. தாம் ஏமாற விரும்புவோர் யாரும் இல்லை. பிறகு ஏன் உண்மையைச் சொல்பவர் பகைவராகிறார்? பத்தாம் பகுதியில் இதற்கு விடை வருகிறது. உண்மை பிற பொருள்களைக் காட்டும்போது அதை நேசிக்கிறோம். அது நம்மையே காட்டும்போது வெறுக்கிறோம். தாம் விரும்புவதையே உண்மை என்று கொள்ள மனிதர் ஆசைப்படுகின்றனர்.

அவர் தம்மையே இதற்குச் சான்றாக்குகிறார். மிலானில் பேரரசரைப் புகழ்ந்து அவர் ஓர் உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. அதில் பொய்கள் மிகுந்திருந்தன; அவை பொய் என்று தெரிந்தவர்களே கைதட்டப் போகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தக் கவலையோடு தெருவில் நடந்தபோது, குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரரைக் கண்டார். சில காசுகளால் அவருக்குக் கிடைத்த மகிழ்ச்சி, இத்தனை கல்வியும் பொய்யும் சேர்ந்தும் தமக்குக் கிடைக்கவில்லையே என்று நாணினார்.

பெலாகியுஸ் எழுப்பிய எதிர்ப்பு

பிரித்தானியாவைச் சேர்ந்த பெலாகியுஸ் என்னும் துறவி உரோமில் வாழ்ந்தார். கடவுள் கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலையும் கடவுளே தர வேண்டும் என்ற பொருளில் 'ஒப்புகைகள்' நூலில் வரும் மன்றாட்டு அவரைச் சினங்கொள்ளச் செய்தது. அவர் அஞ்சியதில் நியாயம் உண்டு. மனிதனால் முடியாது என்று சொல்லிவிட்டால், சோம்பியிருப்பவனுக்கு அது சாக்காகிவிடாதா? முடியாததைக் கடவுள் கட்டளையிட மாட்டார். மனிதன் மனம் வைத்தால் நேர்மையாக வாழலாம் என்று அவர் கற்பித்தார்.

அகுஸ்தீனார் இதை ஏற்கவில்லை. பால்குடிக்கும் குழந்தையே, தன்னோடு பால் குடிக்கும் மற்றொரு குழந்தையைப் பொறாமையோடு முறைத்துப் பார்ப்பதைத் தாம் கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். மனித இயல்பு தொடக்கத்திலேயே காயப்பட்டுள்ளது. ஆதாமின் வீழ்ச்சி எல்லாரையும் பற்றியுள்ளது என்றார். தமிழில் இதைச் சென்மப் பாவம் அல்லது ஆதிப் பாவம் என்கிறோம். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியுஸின் கருத்துகளைக் கண்டித்தது. எனினும் வீழ்ச்சியின் விளைவுகளை நாம் பெறுகிறோமே தவிர, ஆதாமின் குற்றத்தையே பெறுவதில்லை என்பது கிழக்கு மரபுத் திருச்சபைகளின் நிலை. எனவே அகுஸ்தீனாரின் விளக்கம் கிறித்தவர் அனைவருக்கும் பொதுவானது என்று எண்ணிவிடக் கூடாது.

எல்லாம் அருள் என்றால் பொறுப்பு எங்கே? இந்த வினாவை அவர் காலத்திலேயே சிலர் நேரடியாகக் கேட்டனர். ஹத்ருமேத்தும் என்னும் ஊரின் துறவியர் மடத்தில், 'நல்லது செய்யும் ஆற்றல் கடவுளிடமிருந்துதான் வருகிறது என்றால், எங்களைக் கண்டிக்காதீர்கள். எங்களுக்காக மன்றாடினால் போதும்' என்ற வாதம் எழுந்தது. அகுஸ்தீனார் தம் முதுமையில் இதற்காகவே 'கண்டிப்பும் அருளும்' என்னும் நூலை எழுதினார். தவறு உன்னுடையது, ஆகவே கண்டிப்பும் உனக்குரியது. கண்டிக்கப்படும் வலியே மாற்றத்துக்கு வழியாகலாம் என்பது அதன் சாரம். கண்டிப்பு வேண்டாம் என்பவன் தன்னைத் தனக்கே காட்ட வேண்டாம் என்கிறான். குணமாக மருத்துவர் தேவை என்பது, நோய் என்னுடையது அல்ல என்று சொல்வதாகாது.

இந்த விடை எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல முடியாது. அருளும் விருப்புரிமையும் எப்படிப் பொருந்துகின்றன என்ற விவாதம் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் காலத்தில் மீண்டும் பெரிதாக வெடித்தது, இன்றும் தொடர்கிறது.

அவருடைய குறைகள்

பொறுப்பைப் பற்றி எழுதியவரை அதே அளவுகோலால் அளப்பதே முறை. அதேயோதாத்துஸ் என்னும் மகனை அவருக்குப் பெற்றுத் தந்து, பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த பெண்ணை, வேறு திருமண ஏற்பாட்டுக்காக அவர் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார். அந்தப் பிரிவில் தம் நெஞ்சம் காயப்பட்டதைச் சொல்கிறார். அவருடைய பெயரை மட்டும் எங்கும் சொல்லவில்லை; அந்தப் பெண்ணின் காயத்தைப் பற்றி அதிகம் பேசவும் இல்லை.

மற்றொன்று பொதுவாழ்வைச் சேர்ந்தது. தொனாத்துவினர் என்னும் பிரிந்த திருச்சபையினரை வாதத்தால் மட்டுமே வெல்ல வேண்டும் என்று அவர் முதலில் கருதினார். பின்னர் அரசின் சட்டத்தால் அவர்களை நெருக்குவது சரியே என்று மாறினார். 408இல் எழுதிய மடல் ஒன்றில் அதை நியாயப்படுத்தினார். அவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அதிகாரிகளிடம் மன்றாடியவரும் அவரே. ஆயினும் அவருடைய வாதம் பின்வந்த நூற்றாண்டுகளில், சமயத்தின் பெயரால் பிறரை ஒடுக்கியவர்களுக்குக் கருவியாயிற்று. உண்மையை ஒருவர் தம் மனத்தால் ஏற்க வேண்டும் என்பதை மிலான் தோட்டத்தில் கற்றவர், பிறருக்கு அந்த இடத்தைத் தர மறந்தார் என்றே சொல்ல வேண்டும்.

இறுதி ஆண்டுகள்

426–427ஆம் ஆண்டுகளில், எழுபதைத் தாண்டிய வயதில், தாம் எழுதியவற்றையெல்லாம் எடுத்து வைத்துத் தாமே திருத்தம் எழுதத் தொடங்கினார். 'மறுபார்வைகள்' எனத்தக்க அந்நூலில் 93 படைப்புகளை ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டு, எங்கே தவறினேன், எங்கே மிகையாகச் சொன்னேன் என்று குறிக்கிறார். தொனாத்துவினர் பற்றிய தம் நிலையை மட்டும் அவர் அதில் மாற்றிக்கொள்ளவில்லை. தன்னைத் தானே திருத்த முற்பட்டவருக்கும் கண்ணுக்குப் படாத இடம் இருக்கும் என்பதை இது காட்டுகிறது.

430இல் வண்டாலர் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது அவர் நோயில் விழுந்தார். மனம் வருந்திப் பாடும் தாவீதின் திருப்பாடல்களை எழுதச் செய்து, படுக்கையிலிருந்து பார்க்கும்படி சுவரில் வைக்கச் சொன்னார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய நண்பர் பொசிதியுஸ் கூறுகிறார். மருத்துவர் வரும் வேளையிலும் உணவு வேளையிலும் தவிர யாரும் உள்ளே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தச் சுவரைப் பார்த்துப் படித்து அழுதபடி கடைசி நாட்களைக் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். பெரும் படை வாயிலில் நின்ற நேரத்தில், நகரின் துன்பத்துக்கெல்லாம் பகைவரைக் காரணம் காட்டுவது எளிதாக இருந்திருக்கும். 75 வயது ஆயர் அந்த அறையில் தம் தவறுகளையே படித்துக்கொண்டிருந்தார்.